ஜீப்புக்கு அடியில ஒரு சம்பந்தம்

எங்க மச்சான் சன்னாசி சொல்றதுல பாதி பொய். மீதி, அதைவிடப் பெரிய பொய்.

அன்னிக்கு அக்கா மக வாசுகியைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. எங்க ஊரு மலை மேல. பஸ்ஸு அடிவாரத்தோட சரி. "நம்ம ஜீப் இருக்கையில நீங்க ஏன் நடக்கணும்?"னு மச்சான் போன்ல சொல்லிட்டாரு. அது அவங்க அப்பா காலத்து வண்டி. ஒர்க்‌ஷாப்பைப் பார்த்ததே இல்ல, எல்லா ரிப்பேரும் வீட்டு வாசல்லதான். காலையில சாவியைத் திருகுனா, செல்ப் எடுக்கல. மச்சான் ஸ்பேனரோட அடியில போய்ப் படுத்துட்டாரு. வெளிய ரெண்டு காலு மட்டுந்தான் தெரிஞ்சது.

அந்தக் காலுகிட்டதான் நான் பேசினேன். "மச்சான், பஸ் வந்திருக்கும். வாடகை ஜீப்பு ஒண்ணைச் சொல்லட்டுமா?"

"போடா சுருளி. இதே வண்டி ரேடியேட்டர் நடுக்காட்டுல ஓட்டையாச்சு. கையில இருந்த கேப்பை மாவைக் கரைச்சு ஊத்தினேன். ஓட்டையும் அடைஞ்சுச்சு, அடிவாரம் போறதுக்குள்ள வண்டியில வந்தவங்களுக்கெல்லாம் சுடச்சுடக் கூழு."

"உப்பு?"

"உப்பு கொஞ்சம் கம்மிதான்."

அக்கா ஒச்சம்மா வாசப்படியில தலையில கை வச்சு உக்காந்திருந்துச்சு. "போன தடவை வந்தவுக இந்த வாயைக் கேட்டுத்தான்டா காபி கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாக. பிள்ளைக்கு இந்தப் பையனைப் புடிச்சிருக்கு. இன்னிக்கு ஒரு நாளாச்சும் சும்மா இருக்கச் சொல்லு." வாசுகி ஜன்னல்ல நின்னு பாதையவே பார்த்துக்கிட்டு இருந்தா.

காலு கேட்டாத்தானே? "பிரேக் போச்சுல்ல, கொண்டை ஊசி வளைவுல? ஹாரனை அழுத்தினேன். நானே வீட்டுல சரிபண்ணின ஹாரன். அந்தச் சத்தத்துக்கு வண்டியே பயந்து நின்னுருச்சு."

"மச்சான், கொஞ்சமாவது..."

"முன்வீல் கழண்டு ஓடுனதைக் கேளு. மூணு வீல்லயே இறங்குறேன், டீக்கடை வாசல்ல அது எனக்கு முன்னாடியே போய் நிக்குது. கடைக்காரர் கேக்குறாரு, இவ்வளவு லேட்டான்னு."

அப்பத்தான் பாதையில ஆளு தெரிஞ்சது. மாப்பிள்ளையோட அப்பா தவமணி. மடிச்சுக் கட்டின வேட்டி, கையில பழத் தட்டு, சட்டையெல்லாம் வேர்வை. பின்னாடி அவரு சம்சாரம் மூச்சு வாங்க வருது. பாவம், மலை முழுக்க நடந்தே வந்திருக்காங்க. நான் மச்சான் காலைத் தட்டினேன்.

"தட்டாதடா, சொல்றேன். ஒரு நாள் யானை வழியை மறிச்சுச்சு. நான் பேசாம பானட்டைத் திறந்து விட்டேன். தும்பிக்கையை உள்ள விட்டு ஏர் பில்டரை ஒரு ஊது ஊதிட்டுப் போயிருச்சு. இப்ப வருசா வருசம் அதுவா வரும். சர்வீஸுக்கு."

போச்சு, இந்தச் சம்பந்தமும் போச்சுன்னு அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிச்சு.

தவமணி குனிஞ்சு காலைப் பார்த்தாரு. முகத்துல ஒரு சிரிப்பும் இல்ல.

"ஒத்தை யானையா, கூட்டமா?"

"ஒத்தை," அடியிலேருந்து பதில் வந்துச்சு.

"அப்ப சரி. எங்கிட்டயும் ஒரு பழைய ஜீப்பு இருக்கு. அதுக்கு எஞ்சினே கிடையாது. பையன் பொறந்ததுலேருந்து ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

அடியில ஸ்பேனர் சத்தம் நின்னுச்சு. மச்சான் மெதுவா வெளிய வந்தாரு, மூஞ்சியெல்லாம் கிரீஸு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவரு இன்னொருத்தரை ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்ல. அன்னிக்குக் கேட்டாரு.

"மேட்டுல எப்படிங்க ஏறும்?"

"இறக்கத்துல வர்ற வேகத்தைக் கொஞ்சம் மிச்சம் புடிச்சு வச்சுக்குவேன்."

"அதுல நாங்க கோழி அடைக்கிறோம்," அந்தம்மா கல்லுல உக்காந்துக்கிட்டே சொன்னாங்க.

மச்சான் அதைக் காதுலயே வாங்கல. கையை வேட்டியில தொடச்சுக்கிட்டு வாசப்படியைப் பார்த்துக் கத்தினாரு.

"ஒச்சம்மா, தட்டை எடுத்துட்டு வா. மாத்திருவோம்."