கூடுதலாக ஒரு ஊதா

“எல்லாமே வெள்ளையாப் பூத்திருக்கு மேடம்,” என்றார் ஏகாம்பரம்.

கிளாரிந்தா மேடம் பெட்டூனியாத் தொட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

“ஆமா. வெள்ளைதான்.”

குருவுக்கு முப்பத்தொன்பது வயது, சீடருக்கு ஐம்பத்துநான்கு. ஏகாம்பரம் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தினார். பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஓசூர்ப் பக்கம் ஒரு செடி ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவராக வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அந்த அம்மா மேடம், அந்த அம்மாவுக்கு அவர் சார்.

மேடத்திடம் அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். எதை விளக்கினாலும் இவர் முகத்தைப் பார்க்கமாட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசுவார். படித்த திமிர் என்று ஏகாம்பரம் முடிவுகட்டி வைத்திருந்தார்.

“ஊதாச் செடிக்கு ஊதா ஜீன் இன்னொண்ணு சேர்த்தேன். ரெண்டு மடங்கு அடர்த்தியா வரணும்ல? இருந்த நிறமும் போச்சே.”

“போகல சார். சோதிச்சுப் பாத்துட்டு வாங்க.”

இரண்டு நாள் சோதித்தார். செடியின் சொந்த ஜீன் அப்படியே இருந்தது. சேர்த்ததும் இருந்தது. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

“ரெண்டுமே இருக்கு மேடம். அப்புறம் ஏன் ஊமையாக் கிடக்கு?”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஜீன்ல இருந்து ஆர்என்ஏன்னு ஒரு சேதி கிளம்பும். செல் அதைப் படிச்சுத்தான் நிறம் பண்ணும். அதே சேதி அளவுக்கு மீறி வந்து ரெட்டை இழையாச் சேர்ந்துட்டா, வைரஸ் நுழைஞ்சுடுச்சுன்னு செல் பயந்துக்கும். பொடிப்பொடியா நறுக்கும். அதோட விடாது. அந்தச் சின்னத் துண்டை அடையாளத்துக்குக் கையில வச்சுக்கிட்டு, அதே மாதிரி இருக்கிற சேதியெல்லாம் தேடித் தேடி வெட்டும்.”

“தன்னோட சொந்தச் சேதியையுமா?”

“ரெண்டும் ஒண்ணுபோலத்தானே சார் இருக்கு.”

அன்று மதியம் ஏகாம்பரத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்தார், மூடினார்.

அவருக்கு ஒரே மகள், இலக்கியா. சின்ன வயதில் வாய் ஓயாது அவளுக்கு. பேச்சுப் போட்டி என்றால் அப்பாதான் எழுதிக் கொடுப்பார். முதல் வரிசையில் உட்காருவார். அவள் மேடையில் பேசப் பேச, இவரும் சத்தமில்லாமல் வாயசைத்துக் கூடவே பேசுவார். மறந்தால் பார்த்துப் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான். வீட்டிலும் அவள் ஒரு வார்த்தை சொன்னால், அதையே இன்னும் திருத்தமாக ஒருமுறை சொல்லிக் காட்டுவார்.

பதினைந்து வயதில், மாவட்டப் போட்டி மேடையில், நாலாவது வரியில் அவள் நின்றுவிட்டாள். அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றோடு சரி.

தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அம்மாவிடம் கிசுகிசுப்பாள். இவர் செருப்புச் சத்தம் கேட்டால் அதுவும் நின்றுவிடும். மகளின் குரலை அவர் கேட்டு நாலு வருஷம் ஆகிறது.

மறுநாள் கேட்டார்: “சேர்த்ததை எடுத்துட்டா நிறம் திரும்புமா மேடம்?”

“விதை எடுத்துப் போடுங்க. சேர்த்த ஜீன் இல்லாத கன்னும் சிலது வரும். அதை மட்டும் வளர்த்துப் பாருங்க.”

போட்டார். ஒவ்வொரு கன்றாகச் சோதித்து, சேர்த்தது இல்லாத பதினொன்றைப் பொறுக்கினார். மூன்று மாதம் காத்திருந்தார். கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாமல் காத்திருந்தார்.

பதினொன்றும் வெள்ளையாகப் பூத்தன.

மேடம் வந்தபோது ஏகாம்பரம் தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார்.

“பெரும்பாலும் திரும்பிடும் சார்,” என்றார் மேடம், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. “இதுல குறி விழுந்துடுச்சு. அந்தச் சின்னத் துண்டுங்க ஜீன் வரைக்கும் போய், தலைமாட்டுல மீத்தைல்னு ஒரு ரசாயனக் குறி வைக்க வச்சிருக்கு. எழுத்தெல்லாம் அப்படியேதான் இருக்கு. யாரும் படிக்க முடியாதபடி பூட்டியாச்சு. பூட்டோடயே விதையும் விழுது.”

“குறியை அழிக்க மருந்து இருக்கே மேடம்.”

“இருக்கு. அது எல்லாக் குறியையும் அழிக்கும். வாயைத் திறக்கவே கூடாததும் செடிக்குள்ள எவ்வளவோ இருக்கு. அதுவும் சேர்ந்து முழிச்சுக்கும். செடி கோணிப்போகும்.”

“தானா எப்பத் திறக்கும்?”

“தெரியாது சார். சிலது பேரப்பிள்ளை காலத்துல திறக்கும். சிலது திறக்கிறதே இல்ல.”

ஏகாம்பரம் அப்போதுதான் மகளைப் பற்றிச் சொன்னார். மேடையைச் சொன்னார், நாலாவது வரியைச் சொன்னார், செருப்புச் சத்தத்தையும் சொன்னார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இந்த வயதில் ஒரு பொம்பளைப் பிள்ளை எதிரில் அழுவது அவருக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் அழுதார்.

“நாலு வருஷமா ஒரு வரி எழுதிக் கொடுக்கல மேடம். ஒரு வார்த்தை திருத்தல. சேர்த்ததையெல்லாம் எடுத்துட்டேன். இன்னும் பேசமாட்டேங்கிறா. அவளுக்கும் குறி விழுந்துடுச்சா?”

மேடம் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“எடுத்தாச்சான்னு சோதிச்சீங்களா?”

“பதினொண்ணையும் ரெண்டு தடவை சோதிச்சேன் மேடம்.”

“செடியைக் கேக்கல சார்.”

அவருக்குப் புரியவில்லை. புரியாததால் கோபம் வந்தது.

“என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. வந்த நாள்ல இருந்து ஜன்னலைப் பாத்தே பேசறீங்க. என் வீட்டுக்காரியும் இப்பல்லாம் அடுப்பைப் பாத்துத்தான் பேசறா. அப்படி என்ன பாவம் பண்ணிட்டேன் நான்?”

மேடம் திரும்பினார். முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

“நான் பேசறப்பல்லாம் உங்க உதடு கூடவே அசையுது சார். அதைப் பாத்தா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது.”

பேச்சை நிறுத்தினார். பார்வையை மட்டும் அவர் உதட்டிலிருந்து எடுக்கவில்லை.

“இப்பக்கூட,” என்றார்.