விளக்கு வைத்த பிறகு உறைமோர்

"சாமி, எங்க வீட்டு மகாலட்சுமி வெளிய போயிட்டாங்க."

என்றாள் பாவாத்தாள். சின்னத் தோட்டம், ஒற்றை எருமை, கல்யாணமாகி வெகுகாலம் கழித்து இப்போதுதான் வயிற்றில் பிள்ளை. ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றில் இருக்கும் கரட்டுச் சாமி அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரைத்தான் குரு என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போனதை நீ பாத்தியா?" என்றார் சாமி.

"விளக்கு வெச்சப்பறம் உறைமோர் குடுக்கப்படாதுன்னு தெரியுமுங்க. பக்கத்துத் தோட்டத்து ராமக்கா பாலுக்கு உறை ஊத்தோணும்னு வந்து கேட்டாங்க. மறந்துபோய் ஒரு கரண்டி ஊத்திட்டேன். அதோட சரி. எத்தனை கடைஞ்சாலும் வெண்ணெய் தெரள மாட்டீங்குதுங்க."

"ம்."

"இன்னைக்கு வெண்ணெய் போச்சு. நாளைக்கு..." வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். "மிச்சமிருக்கறதாச்சும் தங்கட்டுமுன்னு கதவு, சன்னல் எல்லாம் சாத்திப்போட்டு அடுப்படியிலதான் கடையறேன். ராமக்காகிட்டப் பேசறதே இல்லீங்க."

போய்வா என்று சாமி கையைக் காட்டினார்.

மறுநாள் விளக்கு வைத்தாயிற்று. காலையில் திரளாததை அவள் மறுபடியும் கடைந்துகொண்டிருந்தாள். அடுப்படிப் புழுக்கத்தில் வேர்வை கொட்டியது. பானையில் வெண்ணெய் நொய்நொய்யாக மிதந்ததே தவிர ஒன்று சேரவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"நான்தான். உறைமோர் ஒரு கரண்டி வேணும்."

அவள் மத்தை விட்டுவிட்டு எழுந்தாள்.

"சாமி, விளக்கு வெச்சாச்சுங்க!"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது. குருவை வெறுங்கையோடு அனுப்பினாலும் ஆகாது. அழுதுகொண்டே தாழ்ப்பாளை நீக்கினாள். தோட்டத்துக் காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்தது. ஒரு கரண்டி உறைமோரை அவர் நீட்டிய தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினாள்.

சாமி போகவில்லை. கடைகிற பானையைத் தூக்கி வந்து வாசலில் வைத்தார். குடத்திலிருந்து குளிர்ந்த தண்ணீரை மொண்டு அதில் ஊற்றினார்.

"கடை."

கடைந்தாள். கொஞ்ச நேரத்தில் கயிறு கனத்தது. மத்தைத் தூக்கிப் பார்த்தாள். வெண்ணெய் திரண்டு அதைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"திரும்பி வந்துட்டாங்களா, சாமி?"

"வந்தது கெடக்கட்டும். நீ கதவைத் தெறந்தப்ப வெளிய போனது யாரு, பாத்தியா?"

பாவாத்தாள் திறந்த கதவைப் பார்த்தாள்; உள்ளே அடைந்து கிடந்த புழுக்கமும் இல்லை, பயமும் இல்லை. பிறகு ஓர் உருண்டை வெண்ணெயை இலையில் எடுத்துக்கொண்டு, இருட்டோடு இருட்டாக வேலியோரம் போய்க் கூப்பிட்டாள்:

"ராமக்கா!"