சிவப்பு சாமுராயின் கண்கள்

ஜப்பானின் எடோ நகரில் தொமி என்ற செதுக்குக் கலைஞர் இருந்தார். செர்ரி மரப் பலகையில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பது அவர் தொழில். அவருடைய சீடர் கென்சோ அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஒருகாலத்தில் சாமுராயாக வாள் ஏந்தியவர்.

மூன்று ஆண்டுகளாகக் கென்சோ அழகிய பெண்களை மட்டுமே செதுக்கினார். கூந்தலின் ஒவ்வோர் இழையும் மரத்தில் உயிரோடு எழும். சாமுராய் படம் வந்தால் உளியைக் கீழே வைத்துவிடுவார்.

தொமி காரணம் கேட்டதில்லை.

அந்த வசந்தத்தில் ஊரெங்கும் அம்மை பரவியது. கென்சோவின் ஏழு வயது மகள் கினுவும் படுத்துவிட்டாள். சிவப்பு மையில் அச்சிட்ட சாமுராயைத் தலைமாட்டில் ஒட்டினால் நோய் அஞ்சி ஓடும் என்பார்கள். பக்கத்து வீட்டார் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். கினு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கசாயத்தையும் தொடவில்லை.

"இந்தச் சாமுராய்க்குப் பயமே இல்லை அப்பா. எனக்குத்தான் பயம்."

மறுநாள் காலை கென்சோ பட்டறைக்கு வந்தார்.

"குருவே, நான் இரண்டு முறை வாளுக்கு எதிரே நின்றவன். இரண்டு முறையும் முழங்கால் வெடவெடத்தது. நாம் அச்சிடும் சாமுராய் பொய்தானே?"

தொமி ஒரு பலகையை எடுத்து வந்து அவர்முன் வைத்தார். வில் ஏந்திய சாமுராய். கண்கள் மட்டும் இன்னும் செதுக்கப்படவில்லை.

"இவர் எதைப் பார்க்கிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்" என்று உளியை நீட்டினார்.

அந்த இரண்டு கண்களைச் செதுக்கக் கென்சோவுக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. பொழுது சாயும் வேளையில் சிவப்பு மையில் ஒரு தாள் ஒற்றி எடுத்தார். அது காயும்வரைகூடப் பொறுக்கவில்லை, வீட்டுக்கு ஓடினார்.

கினு வெகுநேரம் படத்தைப் பார்த்தாள்.

"இவருக்கும் பயமா அப்பா?"

"ஆமாம்."

"அப்புறம் ஏன் ஓடவில்லை?"

கென்சோ அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவருக்குப் பின்னால் நீ இருக்கிறாயே."

கினு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கசாயக் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. கென்சோ பட்டறைக்குத் திரும்பினார்.

"குருவே, பயந்த சாமுராயை யார் வாங்குவார்கள்? பதிப்பாளர் சிரிப்பார். பலகையை இழைத்து அழித்துவிடட்டுமா?"

தொமி தாள்களை ஒவ்வொன்றாக ஈரப்படுத்தி அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மீன்சந்தைத் தெருவில் ஒன்பது வீடுகளில் குழந்தைகள் அம்மையில் படுத்திருக்கிறார்கள்" என்றார். "சிவப்பு மையைக் குழையுங்கள்."