இடப்பக்கம் இழுத்த வண்டி

"தாயி, எனக்கு விடை கொடுங்க" என்றார் வன்னியப்பன்.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங்க போறிய, அண்ணாச்சி?"

"மேல, அருவிக்கு அங்கிட்டு ஒரு குகை இருக்கு. அங்கன தனியா இருந்துக்கிடுதேன்."

"இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல. தனியா உக்காந்தா மனசு நேரா நிக்கி. ஆளு வந்தா ஒரு பக்கமா இழுக்கு."

"எந்தப் பக்கம்?"

வன்னியப்பன் அடுக்களைப் பக்கம் பார்த்தார். அங்கே சமையல்காரர் கோமதிநாயகம் கஞ்சிப் பானைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். ராகம் இன்னதென்று பானைக்குத் தெரிந்திருக்கலாம்.

குரு உலகம்மைக்குச் சீடர் வன்னியப்பனைவிட வயது குறைவு. சாஸ்திரத்தில் இதற்குத் தடை உண்டா என்று தேடிப் பார்த்தாயிற்று, இல்லை. தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஓடு வேய்ந்த ஒரு சாய்ப்பும் கிணறும்தான் மடம். மூன்றே பேர். தினமும் காலையில் கஞ்சி காய்ச்சி, காரில் ஏற்றிக்கொண்டு போய், ஊரில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடப்பவர்களுக்கு ஊற்றுவார்கள். அதைத் தவிர உபதேசம் என்று எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

வன்னியப்பனும் ஒரு காலத்தில் அந்த வாசலில் கிடந்தவர்தான். மனைவி உள்ளே கண்ணை மூடிய காலையில், வெளியே அவர் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, "குடிங்க அண்ணாச்சி, சூடு ஆறுது" என்றார் உலகம்மை. வேறொன்றும் கேட்கவில்லை. அன்று கூடவே வந்தவர், திரும்பிப் போகவில்லை. அந்தக் கடனை எதைக் கொண்டு அடைப்பது? அவரிடம் இருந்தது வண்டி ஓட்டத் தெரிந்த கை ஒன்றுதான்.

அந்தக் கையிலிருந்த சாவியை இப்போது கீரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதையும் வாங்கிக்கிடுங்க. நேத்து ஓரமாப் போன தயிர்க்கார அம்மா மேல ஏத்தியிருப்பேன். முந்தானைய உரசிட்டுப் போயிட்டு."

"அந்தம்மா என்ன சொல்லிச்சு?"

"அத உங்க முன்னால சொல்ல முடியாது, தாயி."

"வண்டியும் இழுக்கா?"

"ஆமா. இடப்பக்கம்."

"அதையும் குகைக்குக் கூட்டிட்டுப் போறியளா?"

வன்னியப்பன் சாவியைக் கீரைப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

வண்டியின் கதை இது. மடத்துக்கு வரும் பாதை முழுக்கக் கல். கல் காரின் அடிவயிற்றில் இடிக்கும்போதெல்லாம் வன்னியப்பன் தன் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். தாயி ஏறும் வண்டி அடிபடலாமா? போன மாதம் ஊருக்குக் கொண்டுபோய், ஸ்பிரிங்குகளுக்கு அடியில் தடித்த ரப்பர் கட்டைகளைக் கொடுத்து, வண்டியை நன்றாக உயர்த்திக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னவே, ஒட்டகத்த ஓட்டிட்டு வாரீரு? ஏணி எங்க?" என்றார் கோமதிநாயகம்.

உலகம்மை மட்டும் வண்டியைச் சுற்றி வந்து, பானட்டைத் தட்டிக் கொடுத்து, "இனிமே கல்லு இடிக்காது. நல்ல காரியம் பண்ணினிய, அண்ணாச்சி" என்றார். அன்றைக்குச் சந்தோஷத்தில் வன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே வண்டி இழுக்க ஆரம்பித்தது.

உயர்த்தினால் சக்கரங்களை மறுபடி நேர் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பார்க்கவும் பார்த்தார். சூசைமுத்துவின் வீல் அலைன்மென்ட் கடைக்குப் போவதற்கு முன் வண்டியைக் கழுவி, பானைகளை இறக்கி, மிதியடிகளை உதறி, விபூதி டப்பாவைக்கூட எடுத்து வைத்துவிடுவார். குருவின் வண்டியைக் கடைக்காரன் கையில் கொடுக்கும்போது அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. யாரையும் கூட ஏற்றிக்கொள்ளவும் மாட்டார். மெஷினில் எல்லாக் கோடும் பச்சையாக வரும்; சக்கரம் நேர் என்று அர்த்தம். திரும்பி வரும்போது வண்டி நூல் பிடித்தாற்போல் வரும். மறுநாள் கஞ்சி ஏற்றினால் பழையபடி இடப்பக்கம். இடது முன் டயரின் ஓரம் தேங்காய்த் துருவியில் கொடுத்தது மாதிரி தேய்ந்துபோயிருந்தது.

"சரி, போங்க" என்றார் உலகம்மை. "போறதுக்கு முந்தி வண்டிய நேராக்கிக் கொடுத்துட்டுப் போங்க. இன்னைக்குக் கஞ்சிக்குப் போற வழியில பாத்துருவோம்."

"வண்டியக் காலி பண்ணணுமே, தாயி."

"நேரம் இல்ல. ஏறுங்க."

வன்னியப்பன் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். உலகம்மை முன்னால் ஏறினார். பின்னால் இடப்பக்கம் கோமதிநாயகம்; பெருத்த உடம்பு, அவருக்கு வலப்பக்கம் இன்னோர் ஆள் உட்கார இடம் இருக்காது. பாக்கி இடத்தில் இரண்டு பானைகள்.

கடையில் சூசைமுத்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"தாயி, இறங்கி உக்காருங்க" என்றார் வன்னியப்பன்.

"முட்டி வலிக்கு, அண்ணாச்சி. வண்டிய உசத்திட்டிய. ஏறினா இறங்க முடியல. நான் இங்கனயே இருக்கேன்."

"வண்டிய மேல தூக்குத ராம்ப்ல ஏத்தணும், தாயி."

"ஏறட்டும்."

"அப்பம் நானும் இறங்கல" என்றார் கோமதிநாயகம். "பானைய யாரு பிடிக்கது, உம்ம தாத்தாவா?"

வன்னியப்பனுக்கு முகம் சிவந்தது. குருவைச் சாமான் மாதிரி ராம்ப்பில் ஏற்றுவதா? அவர் காலுக்குக் கீழே ஒருவன் படுத்து ஸ்பேனர் போடுவதா?

"ஆள வச்சு நான் பாத்ததில்லயே" என்று தலையைச் சொறிந்தார் சூசைமுத்து. "சரி, முழங்கால் உசரத்துக்கு மட்டும் ஏத்துதேன்."

"கொஞ்சம் பொறு, சூசை" என்றார் உலகம்மை. "ஓட்டுதவரு எங்க?"

வன்னியப்பன் வெளியே, கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"நான் எதுக்கு, தாயி?"

"வண்டிய நான் ஓட்டவா?"

ஏறினார்.

இந்த இடத்துக்குப் பிற்காலத்தில் பலரும் பலவிதமாக உரை சொன்னார்கள். முட்டி என்றால் அகங்காரம் என்றுகூட ஒருவர் சொன்னார். உலகம்மையைக் கேட்டால், முட்டி வலித்தது என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

ராம்ப் உறுமிக்கொண்டு எழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிற்று. கோமதிநாயகம் ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வன்னியப்பனின் தோளைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

"இங்கயுமா வே?"

"பயந்தா பாட்டு வந்துருது. நான் என்ன செய்ய?"

"அப்பம் அடுக்களையில?"

"அங்கயும் அதான். அத்தன பேரு குடிக்கக் கஞ்சி. உப்பு கூடிருமோ, அடி பிடிச்சிருமோன்னு இருக்கும்."

வன்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. கை இன்னும் தோளில்தான் இருந்தது. வழக்கமாகத் தட்டிவிட்டிருப்பார். இன்று விட்டுவிட்டார்.

"யம்மா!" என்று மெஷினுக்குப் பக்கத்திலிருந்து சத்தம் கொடுத்தார் சூசைமுத்து. "மொத்தமும் செவப்பா நிக்கி! முந்தாநாளு இதே கையாலதான பச்சையாக்கி அனுப்பினேன்?"

"அப்பம் மெஷின் பொய் சொல்லுதா?" என்றார் வன்னியப்பன்.

"மெஷின் பொய் சொல்லாது. அன்னைக்குக் காட்டுனது வெறும் வண்டிக்கு. நீரு ஒரு நாளும் ஆள வச்சுக் கொண்டு வரலியே."

"முந்தியும் இதே ஆளுதான் ஏறினாங்க. இதே பானைதான். அப்பம் இழுக்கலயே?"

சூசைமுத்து கீழே குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பம் வண்டி தாழ நின்னுச்சு. ஸ்டியரிங்குலருந்து சக்கரத்துக்குப் போற கம்பி நேரா இருந்துச்சு. ஆளு ஏறினாலும் சக்கரம் கண்டுக்கிடாது. நீரு உசத்தியாச்சு. இப்பம் அந்தக் கம்பி சரிஞ்சு நிக்கி. ஒரு ஆளு ஏறி உக்காந்தாப் போதும், சக்கரம் மூஞ்சத் திருப்பிக்கிடும்."

"அப்பம் உசத்தினது தப்பா?"

இதற்கு உலகம்மை பதில் சொன்னார்.

"தப்பில்ல, அண்ணாச்சி. கல்லு இடிக்கலயே. தினமும் அத நினைச்சுக்கிடுதேன்."

"இறங்காதீங்க, யாரும் இறங்காதீங்க" என்றார் சூசைமுத்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு. "இப்படியே வச்சுப் பாத்துருவோம்."

கீழே தட்டும் சத்தமும் திருகும் சத்தமும் கேட்டன. கோமதிநாயகம் பாடினார். உலகம்மை கண்ணை மூடிக்கொண்டார். தியானமா தூக்கமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாட்டில் தாளம் தப்பவில்லை என்பதை வன்னியப்பன் முதல் தடவையாகக் கவனித்தார்.

"பச்சை!" என்று கத்தினார் சூசைமுத்து. "கஞ்சியோட சேத்துப் பச்சை!"

ரோட்டுக்கு வந்ததும் வன்னியப்பன் பிடியைத் தளர்த்தினார். விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டார். வண்டி நேராகப் போயிற்று. ரோட்டோரத்தில் ஒரு தயிர்க்காரி கூடையோடு நடந்துபோனாள். அவளை விட்டு வெகுதூரம் விலகி, தன்பாட்டுக்குப் போயிற்று.

"நேரா ஆயிட்டு" என்றார் உலகம்மை.

"ஆமா, தாயி."

"அப்பம் எப்பம் கிளம்புதிய?"

வன்னியப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பின்னால் கோமதிநாயகம் இருமினார். குகைப் பேச்சு அடுக்களை வரை எட்டித்தான் இருந்தது. யாரால் அந்தப் பேச்சு வந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

"வே, அந்த முக்குல என்னய இறக்கி விடும்" என்றார். "கொஞ்ச தூரந்தான, நான் நடந்து வந்துருதேன். உமக்கும் கனம் குறையும்."

"அசையாம இரும் வே" என்றார் வன்னியப்பன். "உம்ம வச்சுத்தான் நேராப் போவுது."