மேஜைக்கு ரெண்டு கோட்டு

கூவலப்பட்டி என்று ஒரு ஊர். எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். போய் நீங்கள் ஒன்றும் கிழிக்கப் போவதில்லை.

அங்கே மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவன் மாடக்கண்ணு, நடுவில் இசக்கியப்பன், கடைசி கொம்பையா. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை. அதுவும் பாதி நாள் வெளியூரில் இருக்கும்.

கொம்பையாவுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் செண்பகம் கல்லூரியில் படிக்கிறவள். அவள் அப்பா வேலாண்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மகள் எழுதப் படிக்க ஒரு நல்ல மேஜை. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன், மேஜை பிடித்தால் தாம்பூலம், இல்லாவிட்டால் வேறு மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார்.

ஆசாரி மேஜையை முக்கால்வாசி முடித்திருந்தார். பிளைவுட் பலகை, அதன்மேல் தாள் கனத்துக்குத் தேக்குத் தோல். அதற்கு வெனீர் என்று பெயர். முன்பக்க ஓரத்தில் மட்டும் பிளைவுட்டின் அடுக்கெல்லாம் பல்லை இளித்தது. அதை மறைக்க ஒரு தேக்குச் சட்டம் இழைத்து வைத்தார். ஒட்டப் போகும்போது மாமியார் தவறிவிட்டதாக ஆள் வந்தது. ஓடுகிற ஓட்டத்தில் சொன்னார்:

"ஓரத்துல பசை தடவிச் சட்டத்தை ஒட்டுங்க. காயற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும், கையை எடுத்துராதீங்க. அப்புறம் ரேகை பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேயுங்க. ரொம்பத் தேய்ச்சா வெனீர் போயிரும். கடைசியா ரெண்டு கோட்டு குடுத்துருங்க, பளபளன்னு நிக்கும்."

யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம். சாவு வீட்டு அவசரம்.

மாப்பிள்ளை என்பதால் பிடிக்கிற வேலை கொம்பையாவுக்கு. குனிந்து இரண்டு கையாலும் சட்டத்தை அழுத்தினான். பொழுது சாய்ந்தது. பிடித்துக்கொண்டே இருந்தான்.

"காஞ்சிருச்சாண்ணே?"

"கையை எடுத்தாத்தானே தெரியும்," என்றான் இசக்கியப்பன்.

"காஞ்சாத்தானே கையை எடுக்கலாம்?"

மூன்று பேரும் யோசித்தார்கள். சொன்னதில் ஓட்டையே இல்லை. மாடக்கண்ணு தம்பியை மெச்சிக்கொண்டான். அந்த வேளையிலிருந்து கொம்பையாவுக்குச் சோற்றை ஊட்டிவிட்டார்கள்.

அடுத்து ரேகை. மரத்தின் ரேகை போகிற போக்கில் தேய்க்கச் சொன்னார் ஆசாரி. இசக்கியப்பன் மேஜைக்கு ஜோசியம் பார்த்தான்.

"ஆயுசு கெட்டி. கல்யாண ரேகை அழுத்தமா ஓடுது."

"நம்ம கொம்பையாவுக்கா?"

"மேஜைக்குண்ணே."

ஆசாரி வைத்துவிட்டுப் போன உப்புத்தாளை மாடக்கண்ணு நக்கிப் பார்த்தான். உப்பில்லை. தூர எறிந்தான். பழைய செய்தித்தாளில் கல்லுப்பை அள்ளி வைத்துத் தேய்த்தான்.

இசக்கியப்பனுக்குச் சந்தேகம் வந்தது. அவனுக்கு வந்தாலே ஆபத்து. ரொம்பத் தேய்த்தால் வெந்நீர் போய்விடும் என்றாரே ஆசாரி, அது எப்படிப் போகும் என்று கேட்டான்.

"எண்ணெய் தேய்ச்சாத்தாம்லே வெந்நீர் செலவு," என்றான் மாடக்கண்ணு. "கல்யாண ரேகை இருக்குன்னு நீதானே சொன்னே. குளிப்பாட்ட வேண்டாமா?"

அண்டா நிறைய வெந்நீர் போட்டார்கள். நல்லெண்ணெய், சீயக்காய். உப்பும் எண்ணெயும் வெந்நீரும் சேர்ந்தாயிற்று, கத்தரிக்காய்தான் குறை. வெனீர் சுருண்டு சுருண்டு உரிந்தது. அழுக்கு போகிறது என்று மாடக்கண்ணு பூரித்தான். பசை கரைந்து சட்டம் கொம்பையா கையோடு வந்துவிட்டது. அவன் கையை எடுக்கவில்லையே. சட்டமும் கையுமாக அங்கேயே குனிந்து நின்றான்.

குளித்தால் உடுத்த வேண்டும். ரெண்டு கோட்டு என்று ஆசாரியே சொல்லியிருக்கிறார். கொம்பையாவின் கல்யாணக் கோட்டு ஒன்று. பேண்டு வாத்தியக்காரரிடம் கெஞ்சி வாங்கிய சிவப்புக் கோட்டு ஒன்று. மேஜையைச் சுவரோடு நிமிர்த்தி நிறுத்தி, ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டினார்கள். மேல் கால் இரண்டும் கோட்டுக் கைகளில் புகுந்து, வாங்க வாங்க என்று நீண்டன. வார்னிஷ் டப்பா மூலையில் கிடந்தது. அதை யார் சீந்தினார்கள்?

வெள்ளிக்கிழமை வேலாண்டி மகளோடு வந்தார். அவருக்குப் பக்கத்து ஊர்தான். இரண்டு ஊருக்கும் ஒரே குளத்துத் தண்ணீர்.

வந்தவர் நேரே கோட்டுகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மாப்பிள்ளை நல்ல உயரம். பேச்சும் குறைச்சல்," என்றார். "மேஜை எங்கே?"

அவரே தேடிக் கண்டுபிடித்தார். குனிந்து நின்ற கொம்பையாவின் முன்னால் போய்ச் சட்டத்தைத் தடவினார்.

"ஓரச் சட்டம் அசல் தேக்கு. பலகைதான் நடுவுல கொஞ்சம் உள்வாங்கியிருக்கு."

செண்பகம் கொம்பையாவின் முதுகில் நோட்டை விரித்து ஒரு வரி எழுதிப் பார்த்தாள்.

"ஆடுதப்பா."

மாடக்கண்ணு ஓடிவந்து ஒரு தாளை மடித்துக் கொம்பையாவின் இடது காலுக்கு அடியில் செருகினான். இன்னொரு வரி எழுதினாள். ஆடவில்லை. பெண்ணுக்குச் சம்மதம். தாம்பூலம் மாற்றினார்கள்.

நோட்டுக்கு அடியிலிருந்து கொம்பையா மெல்லக் கேட்டான். "மாமா, காஞ்சிருச்சான்னு கொஞ்சம் பாருங்க."

வேலாண்டி அவன் முதுகைத் தொட்டுப் பார்த்தார். வேர்வை கையில் பிசுபிசுத்தது.

"இன்னும் ஈரந்தான்," என்றார். "கையை எடுத்துராதே."