ஐந்து மணிக்கே தூங்கும் பிள்ளைகள்

அஞ்சலை காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். விடியுமுன் போனால் வீடு திரும்ப இரவு பத்தாகும்.

"நம்மகிட்ட வயர் வாங்குற கம்பெனியிலிருந்து விசாரிக்க வர்றாங்க. அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போறேன்னு சொல்லு. மாத்திச் சொன்னா நாளைக்கு வராதே" என்றார் மேனேஜர் வரதராஜன்.

வந்த அதிகாரியிடம் அஞ்சலை அப்படியே சொன்னாள்.

"போனதும் பிள்ளையோட விளையாடுவியாம்மா?"

"எங்கே சார்? நான் போறப்ப தூங்கிடுவா. நாலு வருஷமா அவ தூங்குறதைத்தான் பாக்குறேன்."

"அஞ்சு மணிக்கேவா?"

"இங்க எல்லார் பிள்ளைங்களும் அப்படித்தான் சார். மேனேஜர் சாரையே கேளுங்க."

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

மறுநாள் நிஜமாகவே ஐந்து மணிக்கு எல்லாரையும் அனுப்பினார்கள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த மகள் அஞ்சலையைக் கண்டு ஓடிவந்தாள்.

"ஏம்மா, உன்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்களா?"