தொண்டை கட்டிய அம்மா

“என் பேத்தி என்னை அம்மானு கூப்பிடுதும்மா.”

கோதண்டம் இதைச் சொல்லிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வயது அறுபத்தொன்று.

எதிரே இருந்த ரெஜினாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. யாரிடமும் போகாமல், கொரியக் கம்பெனி பஸ்ஸில் போகவர இருந்த நேரத்திலேயே கொரிய மொழியைக் கற்றவள். இப்போது அதே கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். தானாகப் படிக்கப் போய் எங்காவது சிக்கிக்கொண்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைத் தேடி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவார்கள். பாடம் நடத்த மாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதுவும் மனசிருந்தால்.

“எப்படிப் படிச்சீங்க?”

“எழுத்து மூணு நாள்ல வந்துடுச்சு. ஃப்ரிட்ஜ், கதவு, கண்ணாடி, எல்லாத்துலயும் பேரை எழுதிச் சீட்டு ஒட்டினேன்.”

“அது எல்லாரும் பண்றதுதான். பேச?”

“என் பொண்ணு குரலை வெச்சு.”

மகள் வெண்ணிலா, கல்யாணத்துக்கு முன்னால் இதே மொழியைத் தனியாகப் படித்தவள். தினமும் தான் பேசுவதைச் செல்போனில் பதிந்து திரும்பப் போட்டுக் கேட்பாள். நானூறு பதிவுகள். அப்புறம் மின்ஜே என்கிற கொரியப் பையனைக் கட்டிக்கொண்டு அவன் ஊரான பூசானுக்குப் போனாள். போன ஆடியில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள். ஐந்து வயதுக் குழந்தை ஹானாவுக்குத் தமிழ் தெரியாது. கிழவர் அவளை நேரில் பார்த்ததும் இல்லை. அவளோடு பேசத்தான் படிக்க உட்கார்ந்தார்.

காதில் பதிவை ஓடவிட்டு, அரை நொடி பின்னால் அதையே சொல்லிக்கொண்டு போக வேண்டும். குரலுக்கு நிழலாகப் போவது. நல்ல முறைதான், ரெஜினாவும் அப்படித்தான் படித்தாள். ஆனால் அவள் பின்னால் போனது முகம் தெரியாத யாரோ ஒருவரின் குரல்.

“எத்தனை மாசம்?”

“ஒன்பது. தினம் ஆறு மணி நேரம்.”

“கொஞ்சம் பேசுங்க.”

கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். சாப்பிட்டாச்சா, மழை வருமா என்கிற சாதாரணப் பேச்சு.

ரெஜினா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். ஆம்பளைக் குரல்தான், கட்டைக் குரல். ஆனால் சொல்லுக்கு முன்னால் மூச்சை இழுக்கிற விதமும் முடிக்கும்போது வருகிற சின்னச் சிரிப்பும் ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண்ணுடையவை. பட்டப்பகலில் அவளுக்குப் பயமாக இருந்தது.

“முதல் தடவை போன் பண்ணப்பவே, ‘அம்மா, தொண்டை கட்டியிருக்கா?’ன்னு கேட்டுச்சு” என்றார் கோதண்டம். “செத்துட்டான்னு சொல்ல மாப்பிள்ளைக்கு மனசு வரல. அம்மா இந்தியா போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கார். நான் யாருன்னு காட்ட வீடியோல வரேன்னா குழந்தை வேண்டாங்குது. குரல் போதுமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமா, தொண்டை கட்டியிருக்குன்னேன்.”

ரெஜினாவுக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டவில்லை.

“இன்னொண்ணும் இருக்கும்மா. போன வாரம் என் வாயில ஏதோ ஒரு வார்த்தை வந்துச்சு. எனக்கு அர்த்தம் தெரியாது. குழந்தை விழுந்து விழுந்து சிரிச்சுது. உரி காங்ஆஜி.”

“எங்க நாய்க்குட்டி. குழந்தைங்களைக் கொஞ்சறப்ப சொல்றது. பதிவுல இருந்துச்சா?”

“நானூறையும் திரும்பக் கேட்டுட்டேன். இல்ல.”

ரெஜினா எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தாள்.

“எப்ப வருவேன்னு கேக்குது. சீக்கிரம்னு சொல்லிட்டே இருக்கேன். இப்ப ஸ்கூலுக்கும் போறதில்லையாம். ஷூவை மாட்டிக்கிட்டுக் கதவுகிட்டயே உக்காந்திருக்காம். சோறும் சரியா திங்கலையாம்.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஒரு வழி சொல்லும்மா.”

“வழி உங்களுக்கே தெரியும். அம்மா செத்துட்டாங்கன்னு நீங்க சொல்லணும்.”

“சொன்னா அவ போயிடுவா.”

“யாரு, குழந்தையா?”

கோதண்டம் மகளின் பதிவுகள் இருந்த செல்போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“சரி. கொரியன்ல அதை எப்படிச் சொல்றது? நீ சொல்லு, பின்னாடியே சொல்றேன்.”

ரெஜினா ஒரு தாளில் கொரிய எழுத்தில் ஒரே ஒரு வரி எழுதி அவர் முன்னால் தள்ளினாள்.

“வாசிச்சுக் காட்டு.”

“மாட்டேன்.”

“ஒரே ஒரு தடவைம்மா.”

“நான் சொன்னா நீங்க என் குரலைப் பிடிச்சுக்குவீங்க. எழுத்துத்தான் தெரியுமே, வாசிங்க.”

அவர் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார். ஒன்பது மாதமாக வழுக்கிக்கொண்டு போன வாய், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையைப் போலத் திக்கியது. பாதியில் மூச்சை இழுக்கிற அந்தச் சத்தம் வரப் பார்த்தது. வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது அடங்கியதும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஏழெட்டுத் தடவை ஆயிற்று.

“போன் பண்ணுங்க” என்றாள் ரெஜினா.

“இப்பவேவா?”

“வீட்டுக்குப் போனா பண்ண மாட்டீங்க.”

ஸ்பீக்கரில் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். கதவருகிலேயே உட்கார்ந்திருக்கிற குழந்தைதான்.

“அம்மா?”

கோதண்டம் தாளைப் பார்த்து வாசித்தார். தப்பும் தவறுமாக, காஞ்சிபுரத்துக் கட்டைத் தொண்டையில், நிறுத்தி நிறுத்தி, வரி முடிகிற வரைக்கும் வாசித்தார்.

அந்தப் பக்கம் ஷூ தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. அழுகை இல்லை. ரெஜினா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு குழந்தை மெதுவாகக் கேட்டது.

“நீங்க யாரு?”